சாமான் அறையில் ஒரு மேகம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் இங்கே நலம் என்று எழுதித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்கவேண்டும் என்பதால் அப்படியே தொடங்குகிறேன். அதை நீ நம்பவேண்டும் என்று கட்டாயமில்லை. அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். கணினிக்காரர்களுக்கு என்ன குறை, கெட்டுப்போவதெல்லாம் அடுத்தவன் வீட்டில்தானே கெட்டுப்போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காவின் குரலைத் தொலைத்துவிட்டேன். தொண்டையிலிருந்த குரலை மருத்துவர் எடுத்துவிட்டார் என்பது உனக்குத் தெரியும், அதைச் சொல்லவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று சர்வரில் வைக்கச் சொன்னாயே, அந்தக் குரலை. ஒன்றுகூட மிச்சமில்லை. தொலைத்தது நான் என்று எழுதினேனே தவிர குற்றம் முழுக்க உன்னுடையது. அதை உனக்குப் புரியவைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ சிரிக்கிறாய், அது போகட்டும். நான் போனை எடுத்தால் உன் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். குரல்தான் போயிற்றே தவிர, காது முன்னைவிடக் கூர்மையாக இருக்கிறது. அவளுக்கு இன்னும் இது தெரியாது. தெரியவும் கூடாது.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு முறைதான் முக்கியம். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்தாகவேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்று, கூடவே, "இருக்கிற குரலைப் பதிவு பண்ணி வச்சுக்கோங்க, பின்னால ஆசைப்படுவீங்க" என்றும் சொன்னார். வேலை பார்த்த காலமெல்லாம் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில், எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொன்னவள் அவள். சொன்ன இடத்தில் வண்டி நின்றதோ இல்லையோ, சொன்ன அழகுக்காகவே ஜனங்கள் அந்த நடைமேடையில் போய் நின்றார்கள். அப்பேர்ப்பட்டவள், அறுவை சிகிச்சைக்கு முன் கிடைத்த நாட்களில் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் பேசிக்கொண்டே திரிந்தாள். ஏதோ நல்ல வார்த்தைகளாக நாலு பதிவு செய்வாள், பின்னால் கேட்க ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அவளோ, "என்னங்க, பால் பொங்குது", "ஈரக் காலோட உள்ள வராதீங்க", "அந்தச் சட்டையைக் கழட்டிப் போடுங்க, பார்க்கச் சகிக்கல", "ஒரு தடவ சொன்னா காதுல விழாதா" என்று இதையேதான் பதிவு செய்துகொண்டிருந்தாள். உன்னைத் திட்டியும் சில இருந்தன. மருத்துவமனைக்குக் கிளம்பும் காலையில் வாசலில் நின்று, வேலையில் பேசுவதுபோலவே, "பயணிகளின் கவனத்திற்கு, வண்டி புறப்படத் தயாராக உள்ளது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதுதான் கடைசிப் பதிவு. அதற்குப் பிறகு அவள் சிரித்தாலும் சத்தம் வருவதில்லை.

அந்தப் பதிவுகளை நான்பாட்டுக்கு ஏதாவது ஒரு நிறுவனத்தின் இணைய அலமாரியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்த நேரத்தில், மருத்துவமனை நடைவழியில் வைத்து என் தோளில் கைபோட்டு, "அக்கா குரலை எவனோ ஒருத்தன் பீரோவில ஏன் வைக்கணும் அத்தான்? நம்ம வீட்டுலயே ஒரு சர்வர் வச்சுடலாம். சொந்த மேகம். நான் சொல்லச் சொல்ல அடிச்சீங்கன்னா ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும்" என்று ஆசை காட்டியவன் நீ. உள்ளே அவள் கழுத்தைக் கீறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு மனிதனிடம் எதைச் சொன்னாலும் சரி சரி என்றுதான் தலையாட்டுவான். தலையாட்டியதை நீ சம்மதமாக எடுத்துக்கொண்டாய். நீ ஊருக்குப் போன கையோடு, உங்கள் அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய கணினி ஒன்று பார்சலில் வந்து இறங்கியது. அதைச் சாமான் அறையில், சுருட்டிவைத்த மெத்தைக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவில் குடிவைத்தேன். அதற்கு மவுஸ் அம்பும் இல்லை, ஜன்னலும் இல்லை, கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இதுதான் லினக்ஸ் என்றாய். நான் பழுதாகி வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

முதல் கண்டம் கடவுச்சொல்லில். எதைச் செய்யச் சொன்னாலும் முன்னால் 'சூடோ' என்று போட்டால்தான் அது மதிக்கும் என்றாய், போட்டேன். கடவுச்சொல் கேட்டது, அடித்தேன். திரையில் ஒன்றும் விழவில்லை. ஒரு புள்ளி இல்லை, ஒரு நட்சத்திரம் இல்லை. விரல் வலிக்க அழுத்தினேன், தட்டினேன், விசைப்பலகையைக் கவிழ்த்து உதறினேன். அதிலிருந்து உன் அலுவலகத்து ரொட்டித் தூள்தான் உதிர்ந்தது. கடைக்குப் போய்ப் புது விசைப்பலகை வாங்கிவந்து செருகினால் அதிலும் அதே கதை. கடைக்காரரிடம் கொண்டுபோய், "இதுவும் செத்துப்போச்சு" என்று நான் சண்டை போட, அவர் தன் கணினியில் செருகிக் காட்ட, அதில் கடகடவென்று எழுத்து விழ, கடையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும். சாயங்காலம் உன்னைக் கேட்டால், "அது அப்படித்தான் அத்தான், அடிக்கிறது வெளியே தெரியாது, ஆனா உள்ள கேட்டுக்கும்" என்று சிரிக்கிறாய். இதை முதலிலேயே சொல்வதற்கு உனக்கு என்ன கேடு?

அடுத்தது அட்டை விவகாரம். இதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. நீ அன்று போனில் கட்டளைகளை ஒவ்வொன்றாக, எழுத்துக் கூட்டிச் சொன்னாய் அல்லவா? அவற்றை நான் ஒரே தாளில் எழுதியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் வீட்டில் நூலகத்தின் பழைய பட்டியல் அட்டைகள் ஒரு கட்டு கிடந்தன, பின்பக்கம் வெறுமையாக இருக்கும், வீணாக்குவானேன் என்று ஒரு கட்டளைக்கு ஓர் அட்டையாக எழுதினேன். நீ போனை வைத்ததும் அட்டைகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினேன். சிரிக்காதே. கையில் அட்டை இருந்தால் என்னால் அடுக்காமல் இருக்கமுடியாது, கை அப்படிப் பழகிவிட்டது. அடுக்கிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடிக்கவும் அடித்தேன். அதன் பலனாக, இன்னும் கட்டாத ஓர் அறைக்கு முதலில் உரிமையாளரை மாற்றினேன், பிறகு அந்த அறையைக் கட்டினேன். இன்னும் வந்து சேராத சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கச் சொன்னேன். வராத மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன், அவிழ்க்கச் சொன்ன பிறகு மூட்டையை வரவழைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அது, 'அப்படி ஒரு கோப்பும் இல்லை, அடைவும் இல்லை' என்று ஒரே பதிலைச் சொன்னது. நூலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு நான் சொன்ன பதில் அது, என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் அது எவ்வளவு முகத்தில் அடிக்கிற பதில் என்று புரிந்தது.

நீ மறுபடி முதலிலிருந்து சொன்னாய். காரணம் தெரியாமலே பொறுமையாகச் சொன்னாய், அதை நான் மறுக்கவில்லை. இந்தத் தடவை அட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, மின்விசிறியை நிறுத்திவிட்டு அடித்தேன். வரிவரியாக ஏதோ ஓடியது. நடுவில் நின்று, 'தொடரலாமா?' என்று கேட்டது. இவ்வளவு தூரம் வந்தபிறகு ஏன் கேட்கிறது, ஏதாவது வில்லங்கம் இருக்குமோ என்று தோன்றியது. எழுந்துபோய் உன் அக்காவிடம், "தொடரலாமான்னு கேக்குது, என்ன சொல்ல?" என்றேன். அவள் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, மடியில் எழுதுபலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'அதுவாவது கேட்குதே' என்று எழுதிக் காட்டினாள். அப்போது அதன் அர்த்தம் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்து விசையை அழுத்தினேன்.

தரவுகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பக்கங்களை எடுத்துக் கொடுக்க ஒருவர், இவர்கள் இருவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் என்று ஒரே பெட்டிக்குள் மூன்று குடித்தனம் வைத்தாய். மூவருக்கும் தனித்தனிச் சாவி. எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், மேகம் வந்து, 'இந்த அடைவில் எழுத எனக்கு அனுமதி இல்லை' என்று கையை விரித்தது. உனக்குப் போன் போட்டேன். "அந்த ஃபோல்டர் உங்க பேர்ல இருக்கு அத்தான், அதை சர்வர் பேர்ல மாத்திக் கொடுங்க" என்றாய். என் மனைவியின் குரலை யாரென்றே தெரியாத ஒருவன் பேரில் ஏன் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று கேட்டேன். "அது ஆளே இல்ல அத்தான், சும்மா ஒரு கணக்கு" என்றாய். ஆளே இல்லாதவன் பேரில் எழுதிக் கொடுப்பது அதைவிட மோசம் இல்லையா? கடைசியில் எழுதிக் கொடுத்தேன். நம் வீட்டில் இருக்கிற நம் சொத்துக்கு நம்மிடம் உரிமை இருந்தால் அது வேலை செய்யாதாம்.

அதற்கும் மேலே ஒன்று வந்தது. சாமான் அறையில் அந்தக் கணினியிலேயே பார்த்தால் மேகம் அழகாகத் திறக்கிறது, நீல நிறத்தில், வருக வருக என்கிறது. கூடத்தில் உட்கார்ந்து உன் அக்கா தன் போனில் திறந்தால், 'நம்பகமில்லாத முகவரி வழியாக வருகிறீர்கள். நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்' என்கிறது. அவள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி அதைக் காட்டிவிட்டு, பலகையில், 'இத்தனை வருஷம் கழிச்சா?' என்று எழுதினாள். நான் செய்யவில்லை, அதுவாகச் சொல்கிறது என்றால் நம்புவாளா? நிர்வாகி யார் என்று பார்த்தால் நான்தான். நம்பமாட்டேன் என்பதும் என் கணினி, என்னிடமே போய் முறையிடு என்பதும் அதே கணினி. அதுவரை என் வீட்டுக் கணினிக்குள் வெளியூரிலிருந்து யாரும் நுழையக்கூடாது என்று உன்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவந்தவன், அன்றைக்கு ஆளை விட்டால் போதும் என்று உனக்கு வழிவிட்டேன். நீ அங்கிருந்தபடியே உள்ளே நுழைந்து, நம்பிக்கைக்கு உரியவர்கள் பட்டியலில் இந்தக் கணினியின் முகவரி எண்ணைச் சேர்த்தாய். மறுநாள் துணி தேய்க்க வரும் அம்மா இஸ்திரிப் பெட்டிக்காகக் கணினியின் வயரைப் பிடுங்கிவிட, திரும்பச் செருகியதும் கணினிக்குப் புது எண் கிடைத்துவிட்டது, பழைய எண்ணுக்குக் கொடுத்த நம்பிக்கை வீணாகிவிட்டது. நீ மறுபடி வந்து எண்ணை நிலையாக ஆணியடித்துவிட்டுப் போனாய். இவ்வளவும் ஒரு மத்தியானத்தில் முடியும் என்றுதானே சொன்னாய்? அந்த மத்தியானத்துக்குள் இரண்டு தடவை தையல் பிரிக்க மருத்துவமனைக்குப் போய் வந்துவிட்டோம்.

எப்படியோ வேலை செய்தது. உன் அக்காவின் போனிலிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக மேகத்துக்குள் ஏறி, பக்கத்தில் பச்சைக் குறி விழுந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. "போன்லயும் ஒரு காப்பி இருக்கட்டும் அத்தான்" என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் போன் நிரம்பி வழிந்தது, ஒரு நூலுக்கு ஒரு பிரதி, அது ஒழுங்காக ஓர் இடத்தில் இருந்தால் போதும் என்பது என் கொள்கை. போனில் இருந்தவற்றை நீக்கிவிட்டேன். அதற்கு நீ என்னைத் திட்டப் போகிறாய், திட்டிக்கொள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் காபி குடித்த கையோடு சாமான் அறைக்குப் போய்விடுவேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மெத்தைச் சுருளின் மேல் உட்கார்ந்து கேட்பேன். முதலில் ஒன்றிரண்டு கேட்பதாகத்தான் இருந்தது. பிறகு முழுவதையும் வகைப்படுத்தவேண்டும் என்று தோன்றியது, திட்டுதல், அழைத்தல், எச்சரித்தல் என்று பிரித்தேன். திட்டுதலுக்குள் உட்பிரிவுகள் பல தேவைப்பட்டன. மத்தியானச் சாப்பாடு வரை நேரம் போவதே தெரியாது. "கதவைச் சாத்துங்க, கொசு வருது" என்பாள், எழுந்துபோய்ச் சாத்துவேன். "சாப்பிட வாங்க" என்பாள், "இதோ வந்துட்டேன்" என்பேன். ஒருநாள் அப்படிப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் உன் அக்கா வாசற்படியில் தட்டோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, காதை அடைத்திருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு நாள் பலகையில் எதையோ எழுதிக் கதவில் சாய்த்துவைத்திருந்தாள், நான் வெளியே வரும்போது கால் பட்டு அழிந்துவிட்டது. என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். உடம்பு தேறிவரும் காலத்தில் இப்படித்தான் சிடுசிடுப்பாக இருக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

இனி அந்தப் பாழாய்ப்போன திங்கட்கிழமை. என் கணக்கில் நுழைந்து பார்க்கிறேன், சில கோப்புகள் இருக்கின்றன. அக்காவின் கணக்கில் பார்க்கிறேன், அதே கோப்புகள் அங்கேயும் இருக்கின்றன. 'அண்மையில் வந்தவை' என்று இன்னொரு பக்கம், அங்கேயும் தலைகாட்டுகின்றன. ஒரே நூல் மூன்று அலமாரியில் இருந்தால் நூலகன் என்ன செய்வான்? கழிப்பான். வருடக் கடைசியில் உபரிப் பிரதிகளைக் கழித்துக் கட்டுவதில் எனக்கு நல்ல பேர் உண்டு. ஒன்றையும் திறந்து பார்க்காமல், வரிசையாகக் கட்டங்களில் சரிக்குறி போட்டுக்கொண்டே போய் நீக்கினேன். அன்றைக்கு மிகவும் திருப்தியாகச் சாப்பிட்டேன் என்று நினைக்கும்போது இப்போது என்னவோ போல் இருக்கிறது. மறுநாள் குளித்துவிட்டு வந்து ஹெட்போனை மாட்டித் திறந்தால், குரல் அடைவு காலி. மூன்று அலமாரியிலும் காலி. ஓர் இடத்தில் எடுத்தால் எல்லா இடத்திலும் போய்விடும், இருப்பது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் முகம்தான் என்று நீ எப்போதோ சொன்னது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. உன் அக்காவின் குரலை நான் இரண்டாம் தடவையாக எடுத்துவிட்டேன் என்று மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவர் உயிரைக் காப்பாற்ற எடுத்தார், நான் ஒழுங்குக்காக எடுத்தேன்.

வெளியே வந்து அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். என்ன என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள். "ஒண்ணுமில்ல, சும்மா உக்காரலாம்னு வந்தேன்" என்றேன்.

அன்று முதல் என் பிழைப்பு மிகவும் பரிதாபமாக இருக்கிறது. எந்த நிமிஷத்தில் அவள், 'என் குரலைக் கொஞ்சம் போடுங்க, கேட்கணும்' என்று எழுதிக் காட்டுவாளோ என்று திக்திக்கென்று இருக்கிறது. ஆகவே அந்த நினைப்பே அவளுக்கு வராதபடி எந்நேரமும் கூடவே இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் காய் நறுக்கினால் எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். மாலையில் நடக்கப்போனால் நானும் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். பலகையில் எழுத நேரமாகிறது என்று இப்போது உதட்டை அசைத்தே பேசுகிறாள், அதைப் புரிந்துகொள்ளக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டியிருக்கிறது. முதலில் பாதிகூடப் பிடிபடவில்லை, இப்போது முக்கால்வாசி புரிகிறது. திட்டுவதென்றால் முழுவதும் புரிகிறது. நேற்று ஒரு மத்தியானம் முழுக்க, ஜன்னல் திரையை மாற்றுவது பற்றி உதட்டாலேயே என்னோடு சண்டை போட்டாள், நானும் விடவில்லை. தெருவில் போனவர்கள் இந்த மனிதர் தனியாகக் கத்துகிறாரே என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அவள் சிரித்தாள். சத்தமில்லாத அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தப் பதிவுகளின் ஞாபகம்தான் வந்தது. குற்றவாளி இப்படித்தான் தண்டனை அனுபவிக்கிறான்.

ஆகவே மச்சான், நீதான் ஏதாவது வழி சொல்லவேண்டும். உன் மேகத்தின் அடியில் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் சுரண்டியாவது எடுத்துக் கொடு. எல்லாம் வேண்டாம், "என்னங்க" என்று தொடங்கும் ஏதாவது ஒன்று கிடைத்தால்கூடப் போதும். உன் மனைவிக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், அவர்களாவது கணினியைத் தொடாத ஏதாவது ஒரு படிப்புப் படித்து நாலு பேருக்கு உபயோகமாக இருக்கட்டும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் ஆசை. பதில் வந்தபிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
நிர்வாகி.

பி.கு.: பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, உன் அக்கா பிரித்துவிடுவாள். நூலக முகவரிக்கு என் பேர் போட்டு அனுப்பு, அங்கே தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறையை ஒட்டப் பசை இல்லை, வாங்கி வந்து ஒட்டி இன்றே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

பி.கு.வுக்குப் பி.கு.: தம்பிக்கு, அக்கா எழுதுகிறேன். உன் அத்தான் பசை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாமல் எழுதிய இந்த இரகசியக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில், என் மருந்துப் புட்டிக்குக் கீழே, காற்றில் பறக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முழுவதும் படித்துவிட்டேன். இதைத் தனித்தாளில் எழுதி, கடிதத்தோடு மடித்து உறைக்குள் வைத்துவிடுவேன், ஒட்டுகிறவர் பிரித்துப் பார்க்கமாட்டார்.

திங்கட்கிழமை அவர் கழித்தது, அந்த மென்பொருள் ஒவ்வொரு கணக்கிலும் தானாகக் கொண்டுவந்து வைத்திருந்த மாதிரிப் படங்களை. ஒரு பறவை, ஒரு மலை, ஒரு காபிக் கோப்பை, அவ்வளவுதான். என் குரலை அழித்தது நான். மறுநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது என் போன் வழியாக மேகத்துக்குள் போய் அழித்தேன். கோபத்தில் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், கழுத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு அவர் என் முகத்தையும் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் வெளியே நிற்பேன், அவர் உள்ளே என்னோடு பேசிக்கொண்டிருப்பார். தம்பி, எனக்கே என்மேல் பொறாமை வந்துவிட்டது.

அழித்தது உடனே போய்விடாது, 'அழித்தவை' என்ற பக்கத்தில் கொஞ்ச காலம் கிடக்கும் என்று நீ எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். அங்கேதான் எல்லாம் கிடக்கிறது, போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் இருப்பது நிர்வாகிக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. அங்கிருந்தபடியே உள்ளே வந்து எல்லாவற்றையும் எடுத்து உன்னிடம் பத்திரமாக வைத்துக்கொள். மீட்க வழியில்லை என்று அவருக்குப் பதில் எழுதிவிடு. நூலகத்துக்கே எழுது, அவர் ஆசையை ஏன் கெடுக்கவேண்டும்?

கட்டி திரும்ப வராது என்று மருத்துவர் சொல்லவில்லை. அதை அத்தானிடம் நான் சொல்லவில்லை. நான் போன பிறகு அந்தப் பதிவுகளை அவரிடம் கொடு, அப்போது கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கட்டும். இப்போது நான் இங்கேதான் இருக்கிறேன்.